அச்சுப்பொறி கெட்டுவிட்டதா?



ஈப்போவைச் சுற்றியிருந்த ரப்பர்த் தோட்டங்கள் பல இன்று செம்பனைக் காடாகவும் வீடமைப்புப் பகுதியாகவும் மாறிவிட்டன. தோட்டத்தில் பிறந்த பள்ளிகள் சில இன்றும் அங்கேயே சிறிய பள்ளிகளாக இயங்கி வருகின்றன. எங்கள் பள்ளியும் அத்தகையதே. ஆசிரியர் அனைவருக்கும் அச்சுப்பொறி ஒன்றுதான். அலுவலகக் கணினியிலிருந்து அனுப்பினால் தாள் வருகிறது; திறன்பேசியிலிருந்தோ மடிக்கணினியிலிருந்தோ அனுப்பினால் வருவதில்லை. "ஐயா, அச்சுப்பொறி கெட்டுவிட்டது" என்று இளம் ஆசிரியர்கள் வந்து நிற்பார்கள். பெரும்பாலும் அது கெட்டிருப்பதில்லை. நம் கருவியால் அதைக் கண்டுபிடிக்க முடியவில்லை, அவ்வளவே.

இது சிறிய செய்தியாகத் தோன்றலாம். ஆனால், 2020 மார்ச் 18-இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கியபோது நாம் கண்டது என்ன? அப்பாவின் திறன்பேசி ஒன்றையே மூன்று பிள்ளைகள் பகிர்ந்துகொண்ட வீடுகள் இருந்தன. அப்பிள்ளைகளுக்குப் பாடம் என்பது கையில் கிடைத்த பயிற்சித் தாள்தான். இன்றும் பலருக்கு அதுவே நிலை. தாள் அச்சாகவில்லை என்றால், அன்றைய பாடம் யாருக்கு இல்லாமல் போகிறது என்பதை நாம் அறிவோம்.

ஆகவே, தொழில்நுட்பரை அழைப்பதற்கு முன் நாமே பார்க்கக்கூடியவற்றை வரிசையாகத் தருகிறேன்.

முதலில், அச்சுப்பொறியின் மீதே ஒரு தாளைப் படியெடுத்துப் பாருங்கள். படி வந்தால் இயந்திரம் நலம். குறை இணைப்பில் உள்ளது.

இரண்டாவது, திறன்பேசி எந்த அருகலையில் உள்ளது என்று பாருங்கள். விருந்தினருக்கான அருகலையில் இணைந்த கருவிகள் பாதுகாப்புக் கருதிப் பள்ளியின் மற்றக் கருவிகளிடமிருந்து பிரித்து வைக்கப்பட்டிருக்கும். இணையம் கிடைக்கும், அச்சுப்பொறி தெரியாது. அருகலையில் இணையம் தடைப்பட்டால் சில திறன்பேசிகள் தாமாகவே கைப்பேசித் தரவுக்கு மாறிவிடும். தரவை அணைத்துவிட்டு முயலுங்கள். ஒரே கட்டடத்துக்குள் நேரடியாக அச்சிட இணையம் தேவையில்லை.

மூன்றாவது, ஐ.பி. முகவரி. அச்சுப்பொறியின் அமைப்புப் பட்டியலில் வலையமைப்பு விவரத்தை அச்சிடும் வசதி உண்டு. அதில் 192.168.1.20 என்றும், திறன்பேசியில் 192.168.0.15 என்றும் இருந்தால் பெரும்பாலும் இரண்டும் வெவ்வேறு வலையமைப்பில் உள்ளன. பின்கட்டட வகுப்புகளுக்காகக் கூடுதல் ரூட்டர் பொருத்திய பள்ளிகளில் இது அடிக்கடி நேரும். அந்த ரூட்டரை வெறும் அணுகல் முனையாக மாற்றினால் சிக்கல் தீரும்.

நான்காவது, இடியும் மின்தடையும். நம் பேராக்கில் மாலை மழைக்குப் பஞ்சமில்லை. மின்சாரம் போய்த் திரும்பும்போது ரூட்டர் அச்சுப்பொறிக்குப் புதிய முகவரி கொடுத்துவிடலாம். மடிக்கணினியோ பழைய முகவரியிலேயே தேடிக்கொண்டிருக்கும். ரூட்டரில் அச்சுப்பொறிக்கென ஒரு முகவரியை நிலையாக ஒதுக்கி வைப்பதே தீர்வு.

ஐந்தாவது, கருவியின் வயது. கூகுள் கிளவுட் பிரிண்ட் சேவை 2020 டிசம்பர் 31-உடன் நிறுத்தப்பட்டது. அதை மட்டுமே நம்பியிருந்த பழைய அச்சுப்பொறிகளுக்கு அந்த வழி அடைபட்டது. ஆப்பிள் 2010-இல் அறிமுகப்படுத்திய ஏர்பிரிண்ட், ஆண்ட்ராய்டு கருவிகளுக்கான மோப்ரியா ஆகியவற்றை ஏற்கும் அச்சுப்பொறியா என்று, புதிதாக வாங்கும்போது கேட்டு வாங்குங்கள்.

தமிழாசிரியருக்கு மட்டுமே வரும் சிக்கல் ஒன்றும் உண்டு. தாள் வரும், எழுத்து வராது. திஸ்கி குறியாக்கத்தில் தட்டெழுதிய பழைய கோப்புகளைத் திறன்பேசியில் திறந்தால் புரியாத குறிகளே அச்சாகும். அந்த எழுத்துரு உள்ள கணினியில் பி.டி.எஃப். கோப்பாக மாற்றிவிட்டு அனுப்புங்கள். நேரம் கிடைக்கும்போது யூனிகோடுக்கு மாற்றிவிடுவது இன்னும் நன்று.

பெற்றோர்களே, வீட்டு அச்சுப்பொறிக்கும் இவ்வழிகள் பொருந்தும். கடையில் பக்கத்துக்கு இவ்வளவு என்று கொடுக்கும் முன் ஒருமுறை முயன்று பாருங்கள்.

ஆசிரியர்களே, அருகலையின் பெயர், அச்சுப்பொறியின் முகவரி, அதன் வகை ஆகிய மூன்றையும் ஒரு தாளில் எழுதி அச்சுப்பொறியின் மேல் ஒட்டிவையுங்கள். விவரம் அறிந்த ஆசிரியர் ஒருவர் மாற்றலாகிப் போனாலும் அந்தத் தாள் பள்ளியிலேயே இருக்கும்.