எட்னாவை வலம் வரும் ரயில்

சிசிலித் தீவின் கிழக்குக் கரையில் 3,300 மீட்டருக்கும் மேல் உயர்ந்து நிற்கும் எரிமலை எட்னா. அதன் அடிவாரத்தைச் சுற்றி, கத்தானியா நகரிலிருந்து ரிபோஸ்டோ துறைமுகம் வரை சுமார் 110 கி.மீ. ஓடுகிறது சிர்கும்எட்னேயா ரயில் பாதை. மலை எப்போதும் வலப்பக்கம் இருக்க, தெற்கு, மேற்கு, வடக்கு, கிழக்கு என்று முக்கால் சுற்றுக்கு மேல் வலம் வந்து கடலில் முடிகிறது. தண்டவாளங்களுக்கு இடையே 950 மி.மீ. அகலம், மீட்டர் கேஜைவிட 5 செ.மீ. குறைவு. 1895-இல் ஜார்ரே வரையும் 1898-இல் ரிபோஸ்டோ வரையும் ரயில் ஓடத் தொடங்கியது. மலையூர்களின் ஒயினையும் பிஸ்தாவையும் பழங்களையும் துறைமுகத்தில் சேர்ப்பதே அன்றைய தேவை. இன்று லாவா நிலத்தை நடந்து பார்க்க விரும்புவோருக்கு இதைவிட நல்ல வழி இல்லை. வெவ்வேறு நூற்றாண்டுகளில் இறங்கிய லாவாக்களை இந்தப் பாதை ஒவ்வொன்றாகக் குறுக்கே கடக்கிறது. வேண்டிய நிலையத்தில் இறங்கி நடக்கலாம். அடுத்த ஊரில் மறுபடி ஏறிக்கொள்ளலாம்.

தொடக்கமான கத்தானியாவின் மேற்குப் பகுதி 1669-ஆம் ஆண்டு லாவாவின்மீது நிற்கிறது. அந்த மார்ச்சில் நிக்கோலோஸிக்கு அருகே தரை பிளந்து புறப்பட்ட குழம்பு, வழியிலிருந்த ஊர்களை மூடிக்கொண்டு ஏப்ரலில் நகர மதிலை அடைந்தது. கடலோரம் கட்டப்பட்டிருந்த உர்ஸினோ கோட்டையைச் சூழ்ந்து, கடலுக்குள்ளும் இறங்கியது. அதனால் கோட்டை இப்போது கரையைவிட்டு உள்ளே தள்ளி நிற்கிறது. அப்போது தியேகோ பப்பலார்தோ என்பவரின் தலைமையில் சிலர் ஈரத் தோல்களைப் போர்த்திக்கொண்டு போய், இரும்புக் கம்பிகளால் ஓட்டத்தின் இறுகிய விளிம்பை உடைத்துக் குழம்பைத் திருப்பப் பார்த்தார்கள். அது பத்தெர்னோ ஊர்ப் பக்கம் திரும்பவே, அவ்வூரார் ஆயுதங்களுடன் வந்து தடுத்துவிட்டார்கள். லாவாவைத் திசைதிருப்ப மனிதர் செய்த முயற்சிகளில் பதிவானவற்றுள் இது மிகப் பழையவற்றில் ஒன்று. யார் ஊரைக் காக்க யார் ஊரைக் கொடுப்பது என்ற கேள்வி அன்றே எழுந்துவிட்டது.

நகருக்குள் பழைய தடத்தின் வேலையை மெட்ரோ ஏற்று வருகிறது. 1999-இல் தொடங்கிய அது இப்போது மேற்கே நீண்டுகொண்டிருக்கிறது. அந்த வழியில் வரும் மிஸ்டர்பியாங்கோவின் பழைய ஊர் 1669-இல் புதைந்தது. அதன் மணிக்கூண்டின் நுனி மட்டும் பாறைக்கு மேலே நீட்டிக்கொண்டிருந்தது. அடியில் கிடந்த தேவாலயத்தை அகழ்ந்து வெளிக்கொணர்ந்திருக்கிறார்கள். பத்தெர்னோ முதல் அட்ரானோ வரை ஆரஞ்சுத் தோப்புகள். நடப்பவருக்கு இங்கே அதிக வேலை இல்லை.

அட்ரானோவைத் தாண்டியதும் ரயில் மலையேறத் தொடங்குகிறது, தோப்புகள் பின்தங்கிக் கருநிலம் வருகிறது. ப்ரோன்டேக்கு முன்னால் வருவது 1843-ஆம் ஆண்டு லாவா. அந்த நவம்பரில் ஓட்டத்தின் முகப்பை வேடிக்கை பார்க்கவும் தங்கள் மரங்களை வெட்டி மீட்கவும் மக்கள் கூடியிருந்தபோது, குழம்பு ஈர நிலத்தில் ஏறியது. நீர் நொடியில் ஆவியாகி வெடித்ததில் ஐம்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். மெதுவாக நகரும் லாவாவிலிருந்து நடந்தே தப்பிவிடலாம் என்பது பெரும்பாலும் உண்மைதான், ஆனால் தண்ணீர் குறுக்கிட்டால் அந்தக் கணக்கு பொய்த்துவிடும்.

ப்ரோன்டே பிஸ்தாவின் ஊர். மண் அதிகமில்லாத லாவாவின் விரிசல்களில் வேர்விடும் காட்டு மரத்தில் பிஸ்தாவை ஒட்டுக்கட்டி வளர்க்கிறார்கள். மரங்களுக்கிடையே உழவு இயந்திரம் நுழைய வழியில்லை. நிலம் முழுவதும் மேடும் பள்ளமுமான பாறை. கையால் பறித்தோ கிளையை உலுக்கியோ விரித்த துணியில் காய்களைச் சேர்க்கவேண்டும். அறுவடை ஆண்டுதோறும் இல்லை, ஈராண்டுக்கு ஒருமுறைதான். இடைப்பட்ட ஆண்டில் மொட்டுகளைக் கிள்ளி எறிந்து மரத்துக்கு ஓய்வு தருகிறார்கள். ஊருக்கு வெளியே தோட்டங்களின் ஊடே செல்லும் பாதைகளில் அரை நாள் நடந்தால் போதும், இந்த விவசாயம் எவ்வளவு கடினமானது என்பது தெரிந்துவிடும்.

மலெட்டோவை ஒட்டி, 976 மீட்டரில் பாதை தன் உச்சத்தைத் தொடுகிறது. லாவாவின் வயதைச் செடிகளைக் கொண்டு கணிக்கப் பழகுவதற்கு இந்தப் பக்கம் ஏற்றது. புதிய பாறை வெறும் கறுப்பு. சில பத்தாண்டுகளில் சாம்பல் நிறப் பாசிக்காளான் படர்ந்து வெளிறச் செய்கிறது. காற்று கொண்டுவரும் தூசி விரிசல்களில் தங்க, சிறு பூண்டுகள் முளைக்கின்றன. பிறகு வருகிறது எட்னாவின் மஞ்சள் பூங்கொத்துப் புதர்; கோடைத் தொடக்கத்தில் சரிவுகளே மஞ்சளாகும். ஓக்கும் பைனும் வர நூற்றாண்டுகள் ஆகும். உயரமும் மழையும் மேலே விழுந்த சாம்பலும் இந்த வேகத்தை மாற்றும் என்பதால், ஒரே வயதுள்ள ஓட்டம்கூடக் கீழே பசுமையாகவும் மேலே மொட்டையாகவும் கிடக்கும்.

எட்னாவின் உச்சிக்கு மிக அருகிலுள்ள ஊர் ரன்டாட்ஸோ. தேவாலயம் முதல் தெரு வரை கருங்கல். 1981 மார்ச் 17-இல் வடமேற்குச் சரிவில் பிளவுகள் திறந்தன. ஊருக்குச் சற்றுக் கிழக்கே இறங்கிய குழம்பு சாலைகளையும் இந்த ரயில் பாதையையும் அரசு ரயில்வேயின் கிளைத்தடத்தையும் அறுத்துக்கொண்டு அல்கன்தாரா ஆற்றங்கரை வரை சென்றது. ஆறு நாட்களில் எல்லாம் முடிந்துவிட்டது. சிர்கும்எட்னேயா லாவாவின்மீதே மீண்டும் தடம் போட்டது. அரசுக் கிளைத்தடம் பின்னாளில் மூடப்பட்டது. ரன்டாட்ஸோவில் இறங்கி அடுத்த நிலையமான மொன்டேலாகுவார்தியா நோக்கி நடப்பவர் இந்த ஓட்டத்தைக் கடப்பார். மேற்பரப்பு முழுவதும் முள்முள்ளான கட்டிகள். காலடியில் உடைந்த ஓட்டுச்சில்லுகள்போல் கலகலக்கும், தடுமாறிக் கையூன்றினால் தோல் கிழியும். தடித்த அடியுள்ள பூட்ஸும் கையுறையும் வேண்டும். தண்ணீரைச் சுமந்தே செல்லவேண்டும். மழை விழுந்ததும் பாறை குடித்துவிடுவதால் சரிவுகளில் ஊற்று அரிது.

பயணத் திட்டம் ரயிலின் நேரத்தை வைத்தே அமையவேண்டும். வண்டிகள் குறைவு, ஞாயிற்றுக்கிழமைகளிலும் விடுமுறை நாட்களிலும் வழக்கமாக ரயில் ஓடுவதில்லை. இதே நிறுவனத்தின் பேருந்துகளும் இவ்வூர்களை இணைக்கின்றன. ரன்டாட்ஸோவில் ஓரிரவு தங்குவது நல்லது. ஒரே நாளில் முழுச் சுற்றையும் முடிப்பவர் ஜன்னல் வழியே பார்த்ததோடு திரும்பிவிடுவார்.

வடக்குச் சரிவில் பாஸோபிஷாரோ, ஸொலிக்கியாட்டா நிலையங்களைச் சுற்றி லாவாக்கல்லால் சாந்தின்றி அடுக்கிய வரப்புகளும் அவற்றில் திராட்சைக் கொடிகளும். லிங்குவாக்ளோஸா பக்கம் 1923-இல் லாவா இந்தப் பாதையின் ஒரு நிலையத்தையே விழுங்கியது. ஊருக்கு மேலே பைன் காட்டைக் கடந்தால் 1,800 மீட்டரில் பியானோ ப்ரொவென்ஸானா. அங்கிருந்த பனிச்சறுக்கு மையத்தை 2002-ஆம் ஆண்டு வெடிப்பு அழித்தது. மேலே போகும் பேருந்து வசதி குறைவு, நடந்தே ஏறினால் ஒரு முழு நாள் போய்விடும். உச்சிப் பள்ளங்களுக்குச் செல்ல உரிமம் பெற்ற வழிகாட்டி தேவை.

இனி இறக்கம். ஜார்ரேக்கு முன்னால் வரும் மஸ்காலி, 1928 நவம்பரில் ஏறக்குறைய முழுவதும் புதைந்த ஊர். குழம்பு மெதுவாக வந்ததால் மக்கள் தட்டுமுட்டுச் சாமான்களோடும் கழற்றிய கதவுகளோடும் வெளியேற முடிந்தது, யாரும் இறக்கவில்லை. இந்தப் பாதையும் கரையோர மெஸ்ஸினா–கத்தானியா ரயில் தடமும் அறுபட்டன. புதிய மஸ்காலி நேர்கோட்டுத் தெருக்களோடு வேறிடத்தில் எழுந்தது. பழைய ஊரின் இடத்தில் இன்று எலுமிச்சைத் தோட்டங்களினூடே லாவா தெரிகிறது.

ஜார்ரேயில் கரையோர ரயில் சந்திக்கிறது. கத்தானியா திரும்புவோர் அதில் மாறிக்கொள்ளலாம், சுமார் 30 கி.மீ. தூரம். சிர்கும்எட்னேயா இன்னும் சிறிது இறங்கி, ஒரு காலத்தில் ஒயின் பீப்பாய்கள் கப்பலேறிய ரிபோஸ்டோவில் நிற்கிறது.