பளபளப்பை நம்பாதீங்க சார்!

பழைய வெள்ளி ரூபாய் கையில் கிடைத்ததும் நம்மாட்கள் முதலில் தேடுவது புளியும் விபூதியும்தான். ஐயா, ஒரு நிமிஷம்!

விஷயம் தெரிந்தவர்கள் காசை ஓரத்தில் பிடித்து, விளக்கடியில் மெல்லச் சாய்த்துச் சுற்றுவார்கள். புழங்காத, தேய்க்காத காசில் ஒளி வண்டிச் சக்கரத்து ஆரக்கால் மாதிரி சுழலும். தேய்த்ததில் சுழலாது; மயிரிழைக் கீறல்கள்தான் தெரியும். புழங்கித் தேய்ந்த காசுக்குச் சாம்பல் நிறம்தான் இயல்பு. ராஜா மூக்கு மழுங்கியும் முகம் மட்டும் பளிச்சென்று, எழுத்து இடுக்கில் மட்டும் கறுப்பா? குளிப்பாட்டியாச்சு!

1911-ம் வருஷத்து ஐந்தாம் ஜார்ஜ் ரூபாய்க்குத் தனி மவுசு. ராஜா அங்கியிலிருந்த யானை பன்றி மாதிரி தெரிகிறது என்று புகார் கிளம்பி, வாபஸ் வாங்கிய காசு அது. எங்கள் பாட்டியிடம் ஒன்று இருந்தது.

கடைக்காரர் சாய்த்துப் பார்த்தார். "ரொம்பத் தேய்ச்சிருக்காங்க சார். எடைக்குத்தான் எடுத்துக்கலாம்."

11.66 கிராம். அதில் வெள்ளி 91.7 சதவீதம். கணக்குப் போட எத்தனை நேரம்?

வெள்ளிக்கிழமைதோறும் விபூதி போட்டுத் தேய்த்து லட்சுமி படத்தின் முன் வைப்பாள் பாட்டி. அந்தக் கீறல் ஒவ்வொன்றும் ஒரு வெள்ளிக்கிழமை. அதற்குத் தராசு கிடையாது. திருப்பி வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.