மெட்டும் தழும்பும்

எங்கள் வீட்டில் எந்தப் பாட்டையும் விசிலடிக்கலாம். ஒன்றை மட்டும் கூடாது. அது ‘லா மர்செய்யேஸ்’, பிரெஞ்சு தேசிய கீதம்.

பிரெஞ்சு படித்தால் உத்தியோகம் நிச்சயம் என்று தாத்தா என்னை பிரெஞ்சுப் பள்ளியில் சேர்த்துவிட்டார். பாட்டு வகுப்பில் முசியே அந்தக் கீதத்தைச் சொல்லிக் கொடுத்தார. வார்த்தைகளில் பாதி புரியவில்லை. ஆனால் மெட்டு காலைத் தானாக நடக்க வைத்தது.

ஒருநாள் விசிலடித்தபடி வீட்டுக்குள் நுழைந்தேன். சாப்பிட்டுக்கொண்டிருந்த அப்பா பாதியில் கையைக் கழுவிவிட்டு எழுந்து போய்விட்டார். அடிக்கவில்லை, திட்டவும் இல்லை. பிறகு அம்மாதான் விஷயத்தைச் சொன்னார். புதுவை இந்தியாவோடு சேர வேண்டும் என்று ஊர்வலம் போனபோது யாரோ அடியாட்கள் தடியால் அடித்ததில் வந்ததாம், அப்பாவின் இடது முழங்கையில் இருந்த அந்தத் தழும்பு. 1954 நவம்பர் 1-இல் ஆட்சி கைமாறியபோது எனக்கு நான்கு வயது. ஊர்வலமும் தெரியாது, தடியும் தெரியாது.

வேலைக்குப் போன பிறகு அந்தப் பாட்டின் கதையைத் தேடிப் படித்தேன். 1792 ஏப்ரலில் ஸ்திராஸ்பூர் நகரில் ரூழே தெ லீல் என்ற ராணுவ கேப்டன் ஒரே இரவில் எழுதியது. மர்செய் நகரத் தொண்டர்கள் அதைப் பாடிக்கொண்டே பாரீசுக்குள் நுழைந்ததால் அந்தப் பெயர். எழுதியவரையே அடுத்த ஆண்டு புரட்சி அரசு சிறையில் போட்டது. மன்னராட்சி திரும்பியபோது பாட்டுக்குத் தடை. 1879-இல் மறுபடியும் தேசிய கீதம். மறு ஆண்டே ருஷ்யாவின் சாய்க்கோவ்ஸ்கி, நெப்போலியன் படை தோற்ற கதையைச் சொல்லும் தம் இசையில் இதே மெட்டைச் சேர்த்தார். ஆட்சிகள் வந்து போயின, மெட்டு மட்டும் நின்றுவிட்டது.

இதை வைத்துக்கொண்டு, “பாட்டு வேறு, அரசியல் வேறு” என்று நண்பர்களிடம் வெகுகாலம் வாதாடியிருக்கிறேன்.

அப்பாவுக்கு எண்பது வயதிருக்கும். ஒரு ஜூலை 14 அன்று காலாற நடக்கக் கடற்கரைச் சாலைக்கு அழைத்துப் போனேன். தேதி எனக்கு நினைவில்லை. போர் நினைவுச் சின்னத்தருகே சொல்தாக்கள் பதக்கங்களோடு நின்றிருந்தார்கள். நம் தேசிய கீதத்தையும் அவர்கள் கீதத்தையும் வாசித்தார்கள். பெஞ்சில் உட்கார்ந்திருந்த அப்பா இரண்டுக்கும் எழுந்து நின்றார்.

“ஏம்ப்பா, அதுக்குமா நின்னீங்க?” என்றேன்.

“அங்க நிக்கிற கிழவனுங்க எல்லாம் நம்ம ஊர்க்காரன்தானே? மெட்டும் நல்லாத்தான் இருக்கு. ஆனா அடி வாங்கினவன் காதுல முதல்ல தடிச் சத்தம்தான்டா விழும், மெட்டு அப்புறம்தான்.”

அன்றோடு என் வாதத்தை விட்டுவிட்டேன். இசையை இசையாக மட்டும் கேட்க முடிவது ஒரு பாக்கியம். எனக்கு அது கிடைத்தது, என் முழங்கையில் தழும்பு இல்லாததால். அந்தப் பாக்கியத்தை நான் அனுபவிக்கலாம். மற்றவர்களும் அப்படித்தான் கேட்க வேண்டும் என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை.

இன்று காலையிலும் அதை விசிலடித்தேன். அப்பாவின் படம் மாட்டியிருக்கும் கூடத்தைத் தாண்டி, மொட்டை மாடிக்குப் போன பிறகு.