கொசுவத்து ஊக்கு

பெரியம்மாவிடம் இரண்டு ரிப்போர்ட் இருந்தன. போன வருடத்து முதுகெலும்பு அடர்த்தி ஸ்கேனில் 0.842, இந்த வருடத்தில் 0.815. சதுர சென்டிமீட்டருக்கு இத்தனை கிராம் என்ற கணக்கு. "மூணு சதவீதம் கரைஞ்சு போச்சாம்டி" என்று போன் செய்தவர்களிடமெல்லாம் புலம்பிக்கொண்டிருந்தார். இரண்டும் வெவ்வேறு சென்டரில் எடுத்தவை. அதை யாரும் ஒரு பொருட்டாகப் பேசவில்லை.

அந்த எண் எப்படிப் பிறக்கிறது என்று பார்க்க, தெரிந்த ரேடியோகிராஃபர் ஒருத்தி வேலை பார்க்கும் மதுரை ஸ்கேன் அறையில், வருகிறவர்களிடம் சொல்லிவிட்டு, ஒரு காலை முழுக்க உட்கார்ந்திருந்தேன்.

மேசையில் முதலில் ஏறியது ஒரு பிளாஸ்டிக் கட்டை. அதற்குள் பொய் முதுகெலும்பு. ஃபேன்டம் என்கிறார்கள். அதன் அடர்த்தி என்றும் மாறாது, எண் மாறினால் கோளாறு மெஷினில். இங்கே ஒன்றரை சதவீதம் வரை விலகலாம், அதற்கு மேல் போனால் அன்று யாருக்கும் ஸ்கேன் கிடையாது. அன்று விலகவில்லை.

பிறகு அறுபதைக் கடந்த ஓர் அம்மா வந்தார்.

"கொசுவத்துல ஊக்கு இருக்காம்மா?"

"இல்லத்தா."

அவள் நம்பவில்லை. விரலால் தடவிப் பார்த்து ஊக்கை எடுத்துத் தட்டில் போட்டாள். அடுத்து அரைஞாண் வெள்ளி. "காலையில கால்சியம் மாத்திரை போட்டீங்களா?" கரையாத மாத்திரை முதுகெலும்புக்கு நேராக நின்றால் அதையும் மெஷின் எலும்போடு சேர்த்துக்கொள்ளுமாம்.

கெண்டைக்கால்களைத் தூக்கி ஒரு சதுர மெத்தைக் கட்டைமேல் வைத்தாள். இடுப்பின் வளைவு மேசையோடு படிந்தது. படம் வரிவரியாக இறங்கியது. கீழே ஐந்தாம் இடுப்பு முள்ளெலும்பில் கொஞ்சம் தெரிய வேண்டும், மேலே கடைசி விலா எலும்பு தெரிய வேண்டும், நடுவில் தண்டு நேராக நிற்க வேண்டும். சாய்ந்திருந்தது. பாதியில் நிறுத்தி, அம்மாவை நேராக நகர்த்திப் படுக்கவைத்து மறுபடி ஓட்டினாள். வெளியே ஆறு பேர் காத்திருந்தார்கள்.

ஸ்கேன் முடிந்ததும் கம்ப்யூட்டர் போட்ட எல்லைக்கோடுகளை ஒவ்வொன்றாகச் சரிபார்த்தாள். நாலாவது முள்ளெலும்பு பளிச்சென்று வெளுத்திருந்தது. "வலு இல்லக்கா, தேய்மானத்துல வளர்ந்த முள்ளு" என்று சொல்லி, அதைக் கணக்கிலிருந்து தள்ளினாள்.

கைப்பக்குவத்துக்கும் ஓர் அளவு வைத்திருக்கிறார்கள். 30 பேரைத் தலைக்கு இருமுறை ஸ்கேன் செய்ய வேண்டும், இடையில் மேசையைவிட்டு இறக்கி ஏற்ற வேண்டும். அப்படி வரும் பிழையை 2.77ஆல் பெருக்கினால் கிடைப்பதற்குள் அடங்கும் ஏற்ற இறக்கத்தை மாற்றம் என்று சொல்லக்கூடாது. முதுகெலும்புக்குச் சர்வதேச அமைப்பான ஐ.எஸ்.சி.டி. பொறுக்கும் பிழை அதிகபட்சம் 1.9 சதவீதம். பெருக்கினால் 5.3. இவளுடைய பிழை 1.2. பெருக்கினால் 3.3.

பெரியம்மாவின் தாள்களை நீட்டினேன். குறைவு 3.2 சதவீதம்.

"இதே மெஷின்ல நானே எடுத்திருந்தாக்கூட எலும்பு குறைஞ்சிருக்குன்னு சொல்லமாட்டேன்க்கா. இது ரெண்டு மெஷின் வேற."

அந்தத் தாள்களில், இளம் வயதினரின் எலும்போடு ஒப்பிடும் டி-ஸ்கோர் மூன்று நிறத்தில் அச்சாகியிருந்தது. பிழை அளவு எங்குமே இல்லை. அதை அச்சிட ஒரு வரி போதும். அச்சிடாதது எனக்குக் கோபம்தான்.

அடுத்த ஸ்கேனுக்குப் போகிறவர்கள் பழைய ரிப்போர்ட்டை எடுத்துக்கொண்டு, பழைய இடத்துக்கே, அதே மெஷினுக்கே போங்கள். "உங்க பிழை அளவு எவ்வளவு?" என்று கேளுங்கள். ஊக்கை வீட்டிலேயே கழற்றிவிடுங்கள்.