மாத்திரையும் காபியும்



பாலக்காட்டுக் கணவாயின் காற்று போத்தனூருக்குப் புதிதன்று. ஆனியும் ஆடியும் வந்தால் பங்கு இல்லத்தின் சன்னல்கள் ஓயாமல் அடித்துக்கொள்ளும். ஆயினும் சில ஆண்டுகளுக்கு முன் அந்தக் காற்றில் யாம் மட்டும் கம்பளிக்குள் ஒடுங்கிக் கிடந்தோம். மறையுரையில் குரல் கரகரத்தது. நாற்காலியில் அமர்ந்தாலே கண் சொருகியது. உணவு குறைந்தும் உடல் பருத்தது. நன்கு பழகியவர்களின் பெயர்கள்கூட நாவில் வர மறுத்தன. ஐம்பதைக் கடந்த எமக்கு இது இயல்புதானே என்று எம்மை யாமே தேற்றிக்கொண்டோம்.

இரத்தப் பரிசோதனை வேறு செய்தி சொல்லிற்று. கழுத்திலுள்ள தைராய்டு சுரப்பி போதிய அளவு சுரக்கவில்லை. டி.எஸ்.எச். என்னும் அளவு 24 இருந்தது. இயல்பாக ஏறத்தாழ 0.4 முதல் 4 வரை இருக்க வேண்டும். இந்த எண்ணைப் பலர் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி, தைராய்டை வேலை வாங்க அனுப்பும் ஏவலே டி.எஸ்.எச். தைராய்டு சோர்ந்தால் ஏவலின் குரல் உயரும். போதிய மருந்து சேர்ந்தால் அது தணியும். எனவே எண் உயர்ந்திருந்தால் உடலுக்கு மருந்து போதவில்லை என்பதே பொதுவான பொருள்.

வயதையும் இதயத்தையும் எண்ணி, மருத்துவர் 50 மைக்ரோகிராம் தைராக்சின் மாத்திரையில் தொடங்கினார். வெறும் வயிற்றில் உண்ணுமாறு சொல்லி, ஆறு வாரம் கழித்து வரச் சொன்னார். இம்மருந்தில் பாதி உடலைவிட்டு நீங்கவே ஏறத்தாழ ஏழு நாட்கள் ஆகும். ஆகையால் ஓர் அளவு சரியா என்று அறிய ஆறு முதல் எட்டு வாரங்கள் பொறுக்க வேண்டும். பொறுத்தோம். எண் 15. மாத்திரை 75 ஆயிற்று. மீண்டும் பொறுத்தோம். எண் 13. மாத்திரை 100 ஆயிற்று. அப்போதும் 12-க்குக் கீழே அது இறங்கவில்லை. மாத்திரையில் வலுவில்லை என்று சலித்துக்கொண்டோம். "இன்னும் கூட்டிக் கொடுங்கள் டாக்டர்" என்று யாமே கேட்டோம்.

அவர் எழுதுகோலைக் கீழே வைத்தார். "ஃபாதர், வெறும் வயிற்றில்தானே சாப்பிடுகிறீர்கள்?" என்றார். "ஆம்" என்றோம் தயங்காமல். "எதனோடு விழுங்குகிறீர்கள்?" என்றார்.

அங்கேதான் நா தடுமாறிற்று. காலைத் திருப்பலி முடிந்து யாம் வந்தவுடன், "சாமி, காபி ஆறுதுங்க" என்று சமையல்கார அம்மா டம்ளரை நீட்டுவார். அந்தக் காபியோடுதான் மாத்திரை உள்ளே போகும். எலும்பு வலுப்பெற வாங்கிய கால்சியம் மாத்திரையும் அதனோடு சேர்ந்துகொள்ளும். காபியை யாம் உணவாகக் கருதியதே இல்லை! உண்மையைச் சொல்ல வெட்கமாக இருந்தது. பிறர் மறைக்காமல் சொல்ல வேண்டுமென்று அறிவுரை கூறுகிறவர்கள் யாம் அல்லவா? சொல்லிவிட்டோம்.

அவர் கடிந்துகொள்ளவில்லை. காபியும் கால்சியமும் இம்மருந்தை உடல் ஏற்காதபடி தடுக்கும் என்றார். அளவைக் கூட்டாமல் 75-க்கே குறைத்தார். முறையாக உண்ணத் தொடங்கியதும் முன்பு வீணான மருந்தெல்லாம் உடலில் சேரும் என்பதே காரணம். யாம் உண்மையை மறைத்து 150 வாங்கி வந்து, பின்னொரு நாள் பழக்கத்தைத் திருத்தியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? அளவு மிஞ்சினால் இதயத் துடிப்பு ஒழுங்கு தவறக்கூடும். நாளடைவில் எலும்பும் தேயும். அன்று ஒரு சிறு வெட்கம் எமக்குப் பெருந்தீங்கை விளைவித்திருக்கும்.

விடியலில் எழுந்ததும் தண்ணீரோடு மாத்திரை. திருப்பலிக்குப் பின் காபி. கால்சியம் இரவு உணவோடு. எட்டு வாரத்தில் எண் 3. குரல் திரும்பியது, பெயர்களும் திரும்பின.

இது எமக்கு மட்டும் வந்த குறையன்று. சென்னை உட்பட எட்டு இந்திய நகரங்களில் 5,376 பேரிடம் நடத்தி 2013-இல் வெளியான ஆய்வில், ஏறத்தாழ பத்தில் ஒருவருக்கு இக்குறை காணப்பட்டது. பெண்களிடம் அது மிகுதி. ஆகவே உங்கள் வீட்டிற்கும் சில சொற்கள்.

மாத்திரைக்கும் காபிக்கும் இடையே அரை மணி முதல் ஒரு மணி நேரம் விடுங்கள். கால்சியம், இரும்புச்சத்து மாத்திரைகளுக்கு நான்கு மணி நேரம் விடுங்கள். நற்கருணை உண்ணாநோன்பு கெடும் என்று அஞ்சி மாத்திரையைத் தள்ளிப்போட வேண்டாம். தண்ணீரும் மருந்தும் அந்நோன்பைக் குலைப்பதில்லை என்று திருச்சபைச் சட்டமே கூறுகிறது. எண் சரியானதும், குணமாகிவிட்டதென்று நீங்களே நிறுத்தாதீர்கள். மருந்தால்தான் அது சரியாக நிற்கிறது. பக்கத்து வீட்டு அக்காளின் அளவு உங்கள் அளவாகாது. இம்மருந்து உண்ணும் மகளோ மருமகளோ கருவுற்றால் உடனே மருத்துவரிடம் தெரிவியுங்கள். அப்போது பெரும்பாலும் அளவைக் கூட்ட வேண்டியிருக்கும்.

தைராக்சினை அமெரிக்க அறிஞர் கெண்டல் முதன்முதலாகப் பிரித்தெடுத்தது 1914-ஆம் ஆண்டு கிறிஸ்து பிறப்பு நாளன்று. அந்த நற்கொடை இன்று ஒரு சிறு மாத்திரையாக நம் கைக்கு வந்துள்ளது. அதன் சரியான அளவை மருத்துவர் ஒருவரே கண்டுவிட முடியாது. நாம் உண்ணும் முறையை உள்ளபடி சொன்னால்தான் அவரால் அதைக் காண இயலும்.