பதினொரு வரிகள்

பழைய தமிழ்க் கோப்புகளை யூனிகோடுக்கு மாற்றும் ஒரு சின்ன ஓப்பன் சோர்ஸ் நிரலை நான் பராமரிக்கிறேன். சம்பளம் கிடையாது. பாமினி எழுத்துருவில் அடித்த கதைகளும் கோயில் மலர்களும் ஆய்வேடுகளும் இன்னும் யார் யாருடைய கணினியிலோ கிடக்கின்றன. அவற்றை மீட்க வருபவர்களில் பெரும்பாலானோர் வேலை முடிந்ததும் போய்விடுவார்கள். சிலர் மட்டும் நின்று, ஒரு பிழையைத் திருத்தி, புல் ரிக்வெஸ்ட் அனுப்புவார்கள். அந்தச் சிலருக்குத்தான் நான் துரோகம் செய்துகொண்டிருந்தேன்.

ஒரு கல்லூரி மாணவன் பதினொரு வரி அனுப்பியிருந்தான். பாமினியில் ஔகாரக் குறியின் பின்பாதிக்கும் ளகரத்துக்கும் ஒரே விசை. அதனால் எங்கள் நிரல் வௌவாலை 'வெளவால்' என்று மாற்றிக்கொண்டிருந்தது. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். தேடினால் மட்டும் கிடைக்காது. அவன் அதைச் சரிசெய்திருந்தான்.

பார்த்ததுமே தெரிந்தது, இதற்குக் கொஞ்சம் யோசிக்க வேண்டும் என்று. யோசிக்க வேண்டியதை ஞாயிற்றுக்கிழமைக்குத் தள்ளினேன். ஞாயிற்றுக்கிழமைகள் வந்தன, போயின. ஏழு மாதம். ஒரு நாள் இரவு, வரிசையில் நாற்பது சேர்ந்துவிட்ட குற்றவுணர்ச்சியில் உட்கார்ந்து, மூன்று வாக்கியம் எழுதினேன்: "இது 'வெளி', 'தெளிவு' போன்ற சொற்களை உடைக்கும். டெஸ்ட் இல்லை. மாற்றி அனுப்பவும்."

மூன்றுமே உண்மை. மறுநாள் பதில் வந்தது: "சார், இது கடைசி செமஸ்டர்ல எழுதினது. இப்ப வேலைக்குச் சேந்துட்டேன், நேரம் கெடைக்கல. மூடிடுங்க சார், பரவால்ல."

அந்தப் 'பரவால்ல' பல நாள் உறுத்தியது.

அப்போதுதான், 2024 மார்ச் கடைசியில், எக்ஸ்இசட் விவகாரம் வெடித்தது. லினக்ஸ் உலகமே நம்பியிருந்த ஒரு சுருக்க மென்பொருளில் யாரோ பின்கதவு வைத்திருந்தார்கள். எஸ்எஸ்எச் லாகின் அரை விநாடி தாமதமாவதைக் கவனித்த ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற பொறியாளர்தான் அதைப் பிடித்தார். எல்லாரும் அந்த அரை விநாடியைப் பற்றிப் பேசினார்கள். நான் வாசித்து நின்றது வேறு இடத்தில். பல வருடம் அதைப் பராமரித்த லாஸி கொலின் 2022 ஜூனிலேயே எழுதியிருந்தார்: மனநலச் சிக்கல்களால் முன்போல் முடியவில்லை, இது சம்பளமில்லாத பொழுதுபோக்குத் திட்டம் என்பதையும் மறக்க வேண்டாம் என்று. முன்பின் தெரியாத பெயர்கள் அவரை விடவில்லை. பேட்ச்கள் ஏன் தேங்குகின்றன, வேறு ஆளைச் சேருங்கள் என்று நெருக்கின. பொறுமையாக, ஒழுங்காக உதவிக்கொண்டிருந்த ஒருவரிடம் கொஞ்சம் கொஞ்சமாகச் சாவி போனது. பின்கதவை வைத்தது அந்தக் கைதான்.

எனக்குப் பயமாக இருந்தது. அந்த நாற்பதையும் யாராவது "நான் பாத்துக்கறேன் அண்ணா" என்று சொல்லியிருந்தால், யோசிக்காமல் கொடுத்திருப்பேன். பதில் சொல்லாமல் இருப்பதை நான் வெறும் சோம்பல் என்றுதான் நினைத்திருந்தேன். அது நல்லவனைத் திருப்பி அனுப்பிவிடுகிறது. காத்திருக்கத் தெரிந்த கெட்டவனுக்கோ வசதி.

அதன்பிறகு ஒரே ஒரு விதி வைத்துக்கொண்டேன். வந்த மூன்று நாளுக்குள் ஒரு வரியாவது பதில். "பார்த்தேன், அடுத்த மாதம்தான் முடியும்" என்பதும் பதில்தான். "இது வேண்டாம், காரணம் இது" என்பதும் பதில்தான். வரிசையில் பாதியை அப்படித்தான் மூடினேன். ஒருவரும் கோபப்படவில்லை. இரண்டு பேர் நன்றிகூடச் சொன்னார்கள்.

கடைசியாக அந்தப் பதினொரு வரியை எடுத்தேன். ளகரத்துக்குப் பின்னால் உயிர்க்குறியோ புள்ளியோ வந்தால் தொடாதே என்று ஒரு நிபந்தனை சேர்த்தேன். டெஸ்ட்டையும் நானே எழுதினேன். கிட்டில் எழுதியவர் பெயரும் சேர்த்தவர் பெயரும் தனித்தனியாக நிற்கும். எழுதியவர் இடத்தில் அவன் பெயரைப் போட்டு, தாமதத்துக்கு மன்னிப்புக் கேட்டு, சேர்த்துவிட்டேன்.

அன்று இரவே பதில் வந்தது. நன்றி சொல்வான் என்று நினைத்துத் திறந்தேன்.

"அண்ணா, எங்க ஊர்க் கதையில 'கெளம்பு'ன்னு வரும். இப்ப அது 'கௌம்பு' ஆயிடும் போலயே?"

ஓட்டிப் பார்த்தேன். ஆமாம், ஆகிவிடுகிறது. பேச்சுவழக்கை நான் யோசிக்கவே இல்லை. என் நிரலை அவன் ஒரு மணி நேரத்தில் ரிவ்யூ செய்திருந்தான்.

அந்தப் பிழையை நாங்கள் இன்னும் முழுதாகத் தீர்க்கவில்லை. ஆனால் 'சார்' அன்றைக்கு 'அண்ணா' ஆகியிருந்ததை நான் கவனிக்காமல் இல்லை.