பன்னிரண்டு இறகு

சேவலின் தலை பெரியவரின் கக்கத்துக்குள் இருந்தது. இடது கை அதன் உடம்பை அணைத்திருக்க, வலக்கையின் இரண்டு விரல்கள் முதுகின் பின்பகுதியில் ஒவ்வொரு இறகாக விலக்கிப் பார்த்துக்கொண்டே போயின. ஒன்றைத் தொட்டு விட்டன. இன்னொன்றையும் விட்டன. மூன்றாவதை, அது வளர்ந்த திசையிலேயே வெடுக்கென்று இழுத்தன. பெரியவர் முதலில் பார்த்தது இறகை அல்ல, அதன் அடிக்குழலை. அது காய்ந்து வெளுத்திருந்தது. "முற்றிவிட்டது" என்றார். குழலில் ரத்தம் ஓடும் இறகு இன்னும் குருத்து. அதைப் பிடுங்கினால் சேவலுக்கும் கேடு, இறகும் ஒன்றுக்கும் உதவாது.

ஸ்பெயினின் வடக்கே, லெயோன் நகரத்துக்கு மேலே, குருவேன்யோ என்ற சிற்றாறு இறங்கி வரும் பள்ளத்தாக்கு அது. லா வெசிய்யா என்ற ஊர்வரை குறுகிய இருப்புப்பாதை ரயில் போகிறது. மலைகளில் வெட்டிய நிலக்கரியை பில்பாவோ பக்கத்து இரும்பாலைகளுக்குக் கொண்டுபோக 1894இல் திறந்த பாதை அது. ஊர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,000 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஏப்ரல் மாதத்திலும் காலையில் புல் வெள்ளைவெளேரென்று உறைந்து கிடந்தது.

ஐரோப்பாவில் ட்ரவுட் மீன் பிடிக்கப் போகிறவர்கள் ஆறுகளின் பெயர்களைத்தான் சொல்வார்கள். ஸ்லோவேனியாவின் சோச்சா, இங்கிலாந்தின் டெஸ்ட், இங்கே லெயோனில் ஓர்பிகோ, எஸ்லா, போர்மா. தூண்டில் முள்ளில் இறகால் கட்டும் பொய்ப்பூச்சி எங்கிருந்து வருகிறது என்று கேட்பவர் குறைவு. நான் அதைத் தேடித்தான் போனேன்.

ட்ரவுட்டுக்கு மண்புழு கோத்துப் போடலாம், பிடிக்கும். ஆனால் ஆற்றின் அடியில் புழுவாக ஓராண்டு காலம் கிடந்து, ஒரு நாள் மேலே மிதந்து வந்து, தோல் கிழித்துச் சிறகு விரித்து, ஓரிரு நாளில் மடிந்துபோகும் பூச்சிகள்தான் அதற்குப் பெரிய விருந்து. அந்தச் சிறகைப் பொய்யாகச் செய்வதற்கு ஒரு பொருள் வேண்டும். தண்ணீரில் நனைந்தாலும் துவண்டு ஒட்டிக்கொள்ளாத விறைப்பு வேண்டும். ஒளியைத் தன் வழியே விட வேண்டும். கண்ணாடி போலப் பளீரென்று அல்ல, மெல்லிய பூச்சிச் சிறகு மினுங்குவதைப் போல. லெயோன் சேவலின் இறகு இழையில் இந்த இரண்டும் ஒன்றாகக் கூடியிருக்கின்றன. பெரியவர் ஓர் இறகின் இழைகளை விரலால் பின்னோக்கி நீவி விட்டார். ஒவ்வொன்றும் தனித்தனிக் கம்பியாக எழுந்து நின்றது. நம் வீட்டுச் சேவலின் இறக்கை இறகை நீவினால் இழைகள் ஒன்றோடொன்று கொக்கி போட்டதுபோல் சேர்ந்துகொள்ளும். இங்கே அப்படி இல்லை.

பெரியவரின் பேத்திதான் எனக்கு மொழிபெயர்த்தாள். நகரத்தில் கால்நடை மருத்துவம் படிக்கிறாள். சேவல் விஷயத்தில் அவர் சொல்லும் சில சொற்களுக்கு அவளிடமும் வேறு சொல் இல்லை. அப்படியே திருப்பிச் சொன்னாள், நானும் அப்படியே எழுதிக்கொண்டேன்.

சேவல்கள் இரண்டு குலம். ஒரே நிறமாக, உலோகம்போல் மின்னும் இறகு கொண்டது இந்தியோ. பழுப்பில் புள்ளியும் பொறியும் தெளித்தது பார்தோ. இதற்குள் பிரிவுகள் ஏராளம். அசெராதோ என்றால் எஃகு நிறம். பிளாதெயாதோ வெள்ளி. அவெய்யனாதோ, ஹேசல் கொட்டையின் நிறம். பார்தோவில் கொர்சூனோ என்பது மலைச்சரிவில் மேயும் சிறு மானின் மேனி. ஃபிளோர் தெ எஸ்கோபா என்பது துடைப்பம் கட்டும் செடியின் பூ; மலையோரமெல்லாம் மஞ்சளாகப் பூத்துக் கிடப்பது. பார்தோவின் புள்ளி அந்தப் பூவைப் போல இருந்தால் அந்தப் பெயர். காகம், வல்லூறு, கீரி, மயில், நூலான் என்று நம் ஊர்ச் சேவற்கட்டுக்காரர்கள் நிறம் பார்த்துப் பெயர் வைத்திருப்பதைப் பேத்தியிடம் சொன்னேன். அவள் பெரியவரிடம் சொன்னாள். அவர் பிடுங்குவதை நிறுத்திவிட்டு, ஒவ்வொன்றும் என்ன நிறம் என்று கேட்டார். கீரியை விளக்கத்தான் நேரம் பிடித்தது.

இந்த அறிவுக்கு வயது அதிகம். ஹுவான் தெ பெர்காரா என்பவர் 1624இல் எழுதிய, அஸ்தோர்கா என்ற ஊரின் பெயரால் வழங்கும் கையேட்டில், எந்த மாதத்துப் பூச்சிக்கு எந்தச் சேவல் இறகு, எந்த நிறப் பட்டு நூல் என்று எழுதி வைத்திருக்கிறார். பார்தோவும், நெக்ரிஸ்கோ என்ற இன்னோர் இறகு வகையும் அதிலேயே இருக்கின்றன. பெரியவர் இன்று வாயால் சொல்லும் அதே சொற்கள். அந்தக் கையேட்டின் மூலப்பிரதி இன்று இல்லை. 1964இல் சர்வாதிகாரி பிராங்கோவுக்குப் பரிசாகக் கொடுக்கப்பட்டது, அதற்குப் பிறகு யாரும் பார்க்கவில்லை என்று லெயோனில் சொல்கிறார்கள். நகல் எடுத்து வைத்திருந்தவர்களால் உள்ளடக்கம் பிழைத்தது. சேவல்களோ தாமே பிழைத்துக்கொண்டன.

இவற்றை வேறு ஊருக்குக் கொண்டுபோனால் சில தலைமுறைக்குள் இறகின் மினுக்கம் மங்கிவிடும் என்பது பள்ளத்தாக்கின் உறுதியான நம்பிக்கை. தண்ணீர் என்கிறார்கள், புல் என்கிறார்கள், மண், குளிர் என்கிறார்கள். பேத்தி தான் படித்த படிப்பை வைத்துக்கொண்டு இதை ஒப்புக்கொள்ளத் தயங்கினாள், மறுக்கவும் இல்லை. எனக்கு வேறொன்று தோன்றியது. ஒவ்வொரு தலைமுறையிலும் எந்தக் குஞ்சை வைத்துக்கொள்வது, எதைக் கழிப்பது என்று இவர்களைப்போல் பார்க்கத் தெரிந்த கண் வேறு ஊரில் இருக்காது. மங்குவது அதனாலும் இருக்கலாம்.

பிடுங்குவது சேவலுக்கு வலிக்குமா என்று கேட்டேன். கேட்பதா வேண்டாமா என்று காலையிலிருந்து மனதுக்குள் உருட்டிக்கொண்டிருந்த கேள்வி. பெரியவர் கோபப்படவில்லை. "வலிக்காது என்று சொன்னால் அது பொய். அதனால்தான் முற்றியதை மட்டும் எடுக்கிறேன்" என்றார். ஆண்டுக்கு மூன்று நான்கு முறை. பிடுங்கிய இடத்தில் மறுபடி முளைக்கும். அமெரிக்காவில் தூண்டில் பூச்சிக்கென்றே வளர்க்கும் சேவல்களைக் கொன்று தோலோடு உரித்து விற்கிறார்கள். இங்கே ஒரு சேவல் ஆண்டுக்கணக்கில் உயிரோடு இருந்து கொடுக்கிறது. கீழே விட்டதும் அது உடம்பை ஒருமுறை உதறிக்கொண்டு, நாலடி தள்ளிப் போய்க் கூவியது. அது என் கேள்விக்குப் பதிலாகாது என்பது தெரியும். ஆனாலும் கொல்லாமல் எடுக்கும் இந்த வழியின் பக்கம்தான் நான் நிற்கிறேன்.

அப்போது நம் சாம்பல் காட்டுக்கோழி நினைவுக்கு வந்தது. அதன் கழுத்திறகில் மெழுகுச் சொட்டுப்போல் இருக்கும் புள்ளிக்காக, சால்மன் தூண்டில் பூச்சி கட்டவென்று ஒரு காலத்தில் நம் காடுகளில் அதைச் சுட்டுத் தோலைக் கப்பலேற்றினார்கள். இன்று சட்டம் அதைக் காக்கிறது.

மாலையில் பெரியவரின் தங்கை வீட்டில் பூச்சி கட்டுவதைப் பார்த்தேன். சன்னலோரம் சிறிய பிடிகருவியில் முள். அதன்மேல் பட்டு நூலால் உடம்பு சுற்றினார், குறுக்கே மாற்று நிற நூலால் வரி போட்டார். பிறகு இறகிலிருந்து ஒரு சிட்டிகை இழை உருவி, முள்ளின் தலைப்பக்கம் வைத்து இரண்டு சுற்று. கட்டை விரல் நகத்தால் ஓர் அழுத்து. இழைகள் குடைபோல் விரிந்தன. ஒரு முள்ளுக்கு நான்கைந்து நிமிடம். இந்தப் பூச்சி நீர்மட்டத்தில் மிதக்காது, சற்றே அமிழ்ந்து போகும். பாதி தண்ணீர் நிரப்பிய மிதவை ஒன்றைத் தூண்டில் நரம்பின் நுனியில் கட்டி, அதற்கு மேலே வரிசையாக மூன்று நான்கு பூச்சிகளைத் தொங்கவிட்டு வீசுவது லெயோன் வழக்கம். வீசுவதற்கான கனம் மிதவையில் இருப்பதால் பூச்சி காற்றைப்போல் லேசாக இருக்கலாம்.

கட்டி முடித்ததும் அந்த அம்மா அதைக் கண்ணாடிக் குவளைத் தண்ணீரில் போட்டுச் சன்னலுக்கு நேராகப் பிடித்தார். உலர்ந்திருந்தபோது மங்கல் பழுப்பாக இருந்த இழைகள் தண்ணீருக்குள் தேன் நிறமாகச் சுடர்விட்டன. நான் குவளையை வாங்கி வெகுநேரம் பார்த்தேன். கீழிருந்து அண்ணாந்து பார்க்கும் மீனின் கண்ணுக்கு என்ன தெரியும் என்று நானூறு ஆண்டுக்கு முன்பே யோசித்திருக்கிறார்கள்.

இறகுகளைப் பன்னிரண்டு பன்னிரண்டாகக் கட்டித்தான் விற்கிறார்கள். பெரியவர் எனக்காக ஒரு கொர்சூனோக் கட்டு எடுத்து வைத்திருந்தார். ரயிலுக்கு அரை மணி நேரம் இருந்தது. கொடுக்கும் முன் நூலை அவிழ்த்து, ஒவ்வொரு இறகாக வானத்துக்கு எதிரே ஒருமுறை, தன் கறுப்புச் சட்டைக்கு எதிரே ஒருமுறை பிடித்துப் பார்த்தார். ஏழாவது இறகின் நுனி மடங்கியிருந்தது. எனக்கு அது கண்ணில் படவே இல்லை. பரவாயில்லை, நான் மீன் பிடிக்கப் போவதில்லை என்று பேத்தி மூலம் சொல்லிப் பார்த்தேன். அவர் காதில் வாங்கவில்லை. அந்த இறகைத் தனியே வைத்துவிட்டு, அதே சேவலின் இன்னோர் இறகைத் தேடி, விளக்கை எடுத்துக்கொண்டு கொட்டகைக்குள் போனார்.